பியர்டட் ஐரிஸ் பூச்செடிக் கிழங்கு பாக்கெட்: புதுச்சேரி மாடிக்கு ஒத்துவருமா?

பாக்கெட்டில் 3 கிழங்கு. அழுத்தினால் கல் மாதிரி இருக்கணும். இதில் ஒன்றின் நுனி கொழகொழவென்று, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். பாக்டீரியா அழுகல்தான். கெட்டியான சதை தெரியும்வரை சீவி, ஓரிரு நாள் நிழலில் காயவைத்தால் பிழைக்கலாம். கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்கணும்.

அட்டையில் ‘2 அங்குல ஆழம்’ என்று போட்டிருப்பது தப்பு. கிழங்கின் முதுகு வெயிலில் தெரியணும், வேர் மட்டும் மண்ணுக்குள். மணல் தாராளமாகக் கலக்கணும். யூரியா வேண்டவே வேண்டாம்: இலைதான் கொழுக்கும், அழுகலும் கூடும்.

பெரிய குறை வேறு. மொட்டு வைக்க இதற்குச் சில வாரக் கடுங்குளிர் தேவை. முத்தியால்பேட்டையில் மார்கழியிலும் அது ஏது? அட்டையில் மூச்சே விடவில்லை. ஐப்பசி மழையில் நனையவிட்டால் செடி அதோடு சரி. பூதான் வேண்டுமென்றால், அந்தக் காசுக்குச் சம்பங்கிக் கிழங்கு வாங்கலாம்.