சீனித்துளசிப் பவுடர்: பால் பணியாரத்துக்குச் சரி, மனகோலத்துக்கு ஆகாது

காரைக்குடி மளிகைக் கடையில் வாங்கிய சீனித்துளசி (ஸ்டீவியா) பவுடரைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் அப்பச்சிக்குச் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகிவிட்டன. செட்டிநாட்டில் விசேஷம் என்றால் பலகாரம் இல்லாமல் நடக்காது. எல்லாரும் சாப்பிடும்போது அவர் மட்டும் இலையில் இனிப்பை ஒதுக்கி வைப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்கப் பச்சை இலைப் படம். பின்பக்கம்தான் விஷயம். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளதை முதலில் போட வேண்டும் என்பது விதி. இதில் முதலில் நிற்பது எரித்ரிட்டால், அதாவது சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பூட்டி. சீனித்துளசி இலையிலிருந்து எடுத்த இனிப்பான ஸ்டீவியால் கிளைகோசைடு கடைசியில் இருக்கிறது. இதை நான் ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். இலையிலிருந்து எடுத்த அந்தச் சத்து சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. ஸ்பூனில் அள்ளிப் போடுகிற அளவுக்கு வர வேண்டுமென்றால் வேறு ஏதாவது கலந்துதான் ஆக வேண்டும். ஆனால் வாங்குகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும், ஏனென்றால் இரண்டும் உடம்பைக் கடந்து போகிற வழியே வேறு.

சீனித்துளசியின் இனிப்பை நம் இரைப்பை அமிலமும் சிறுகுடல் நொதிகளும் உடைப்பதில்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீராய்ட்ஸ் வகை பாக்டீரியாக்கள் அதில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது ஸ்டீவியால். அதை அவற்றால் மேலே உடைக்க முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்து கல்லீரலுக்குப் போய், அங்கே குளுகுரோனிக் அமிலத்தோடு இணைந்து, சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இல்லாவிட்டால் இந்த வேலையே நடக்காது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம், ஸ்டீவியால் கணக்கில், பாதுகாப்பானது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சமையலில் அதைத் தாண்டுவது எளிதல்ல.

எரித்ரிட்டால் அவ்வளவு தூரம் போவதே இல்லை. சுமார் 90 சதவீதம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு, உருமாறாமல் சிறுநீரில் போய்விடும். பாக்டீரியாக்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், அதனால் வயிறு உப்புவதும் குறைவு. முன்பு ஒரு கடையில் வாங்கிய ‘சுகர் ஃப்ரீ’ மைசூர்பாகில் இதே வகையைச் சேர்ந்த மால்டிட்டால் இருந்தது. அது பாதி செரித்து மீதி பெருங்குடலுக்கு இறங்கும், தண்ணீரை இழுக்கும், பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். வீட்டில் எல்லாருக்கும் அன்று ராத்திரி வயிறு கடமுடா. இந்தப் பவுடரில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, அடுப்படிக்கு வருவோம். பால் பணியாரத்துக்கு அருமை. தேங்காய்ப் பாலும் ஏலக்காயும் சேரும்போது, நாக்கின் ஓரத்தில் அதிமதுரம் மென்ற மாதிரி நிற்கும் அந்தப் பின்சுவை அமுங்கிவிடுகிறது. கருப்புக் கவுனி அரிசி இனிப்பில் சுமார்தான். அப்பச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, “நெய் வாசம் நல்லா இருக்கு ஆத்தா, ஆனா இனிப்பு பின்னாடிதான் வருது” என்றார். சரியாகச் சொன்னார். உடைத்த முறுக்கை வெல்லப் பாகில் பிரட்டுகிற மனகோலத்துக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். வெல்லம் கொடுக்கிற கம்பிப் பதம் இதில் வராது. ஆறியதும் எரித்ரிட்டால் மறுபடி வெள்ளை மணியாகப் பூத்துவிடுகிறது, உடைத்த முறுக்கில் ஒட்டுவதில்லை. கந்தரப்பத்துக்கும் வெல்லத்தின் நிறமும் மணமும் இல்லாமல் என்ன இருக்கிறது?

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பவுடர் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது, அரிசி ஏற்றும். பணியாரத்தில் பச்சரிசி இருக்கிறது, கவுனியும் அரிசிதான். அப்பச்சிக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான், அதுவும் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துவிட்டு.

அப்புறம், 2023-ல் வந்த ஓர் ஆய்வில், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். நம் உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டால் தயாரிக்கிறது, ஆகவே காரணம் இதுதான் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் அப்பச்சிக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவருடைய தினசரிக் காப்பிக்கு எரித்ரிட்டால் இல்லாத ஸ்டீவியா சொட்டுக்கு மாற்றிவிட்டேன். பவுடர் விசேஷ நாளுக்கு மட்டும். அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடை குறைக்க ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது, ஆனால் உடம்பு இளைக்கலாம் என்று நினைத்து இதை வாங்கும் என் தங்கைக்குப் பொருந்தும்.

விலை சீனியைவிடப் பல மடங்கு. கொடுக்கலாம், ஆனால் சேர்மானத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுப்பொருளிலிருந்து எடுக்கும் பொடி) என்று இருந்தால் அந்தப் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிடுங்கள். அது குளுக்கோஸாகவே ரத்தத்தில் ஏறும்.