வீட்டில் படிக்கும் குழந்தைக்கு எந்த லத்தீன் பாடநூல்?

சேலத்தில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் குறைவு. அவர்களுள் லத்தீனையும் ஒரு பாடமாக வைத்துக்கொள்ள விரும்புவோர் அதனினும் குறைவு. ஆகவே இந்தப் பாடநூல்களை உள்ளூர்க் கடையில் புரட்டிப் பார்த்து வாங்கலாம் என்று எதிர்பார்க்க இயலாது. இணையத்தில் படிக்கக் கிடைக்கும் மதிப்புரைகளோ பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் பெற்றோர் தங்கள் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியவை. அவர்கள் வீட்டுக் குழந்தை தடுமாறும் இடத்தில் தமிழ்க் குழந்தை தடுமாறுவதில்லை, தமிழ்க் குழந்தை தடுமாறும் இடத்தை அந்த நூல்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதுமில்லை என்பதால், அந்த மதிப்புரைகளை அப்படியே பின்பற்றி வாங்குவது சரியாக இராது. எட்டு வயது மகளுக்காக நான்கு தொடக்கநிலை நூல்களை வரவழைத்து, அவளோடு உட்கார்ந்து பயன்படுத்திப் பார்த்த அடிப்படையில் இதை எழுதுகிறேன். வீட்டில் எவருக்கும் லத்தீன் தெரியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலம் மட்டும் அறிந்த குழந்தைக்கு லத்தீனில் எதிர்ப்படும் முதல் தடை, சொல்லின் ஈறு மாறினால் வாக்கியத்தில் அதன் பொறுப்பும் மாறும் என்பதே. 'புவெல்ல அக்வம் போர்தத்' என்றால் சிறுமி தண்ணீரைச் சுமக்கிறாள் என்று பொருள். 'அக்வ' என்னும் சொல் செயப்படுபொருளாகும்போது 'அக்வம்' ஆகிறது என்பதை விளங்க வைக்க ஆங்கில நூல்கள் பக்கம் பக்கமாகப் பாடுபடுகின்றன. 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு என்று படித்துவிட்ட குழந்தைக்கு அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். எட்டு வேற்றுமைகளை அறிந்தவளை லத்தீனின் ஆறு வேற்றுமைகள் அச்சுறுத்தவில்லை. வினை பெரும்பாலும் இறுதியில் நிற்பதும், எழுவாய் வெளிப்படாமலேயே வினைமுற்றின் விகுதி ஆளைக் காட்டுவதும் அவளுக்குப் புதியன அல்ல; 'அமோ' நேசிக்கிறேன், 'அமாமுஸ்' நேசிக்கிறோம், அவ்வளவுதான். வீரமாமுனிவர் ஐரோப்பியப் பாதிரிமார்கள் பேச்சுத் தமிழைக் கற்பதற்காக லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அன்று அவர்கள் வந்த வழியே நாம் இன்று எதிர்த்திசையில் போகிறோம் என்று கொண்டால், பாதை அத்தனை அந்நியமானதன்று.

குறில் நெடில் வேறுபாட்டையும் இதில் சேர்க்க வேண்டும். லத்தீனில் 'லிபெர்' என்றால் நூல், 'லீபெர்' என்றால் கட்டற்றவன். உயிரெழுத்தின் மேல் சிறு கோடிட்டுக் காட்டும் இந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்து தானாகவே காட்டிவிடுகிறது. மெய்யெழுத்துகளில் மட்டும் நம் வல்லினம் கைவிடும் என்பதால், தமிழில் எழுதிப் படிக்கும் பழக்கத்தைத் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று பெயரடையை மாற்றாமலேயே பேசிப் பழகிய குழந்தைக்கு, உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பதும், அதற்கேற்பப் பெயரடையின் ஈறும் மாற வேண்டும் என்பதும் எளிதில் பிடிபடுவதில்லை. நான் பார்த்த நூல்களில் எதுவும் எங்களுக்குப் போதிய அளவில் இதற்குப் பயிற்சி தரவில்லை. அந்தக் குறையை நிரப்ப ஏற்காடு உதவியது. காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் தாவரவியல் பெயர் கிரெவில்லியா ரொபஸ்டா. அதில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி பைப்பர் நைக்ரம். அடுப்படியில் இருக்கும் கருங்கடுகோ பிராசிக்கா நைக்ரா. கறுப்பு என்னும் அதே பெயரடை, ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மிளகோடு சேரும்போது 'உம்' என்றும் பெண்பாலான கடுகோடு சேரும்போது 'ஆ' என்றும் முடிகிறது. வெள்ளை என்னும் பெயரடையும் அப்படியே: சந்தனம் சந்தாலம் ஆல்பம், மல்பெரி மோரஸ் ஆல்பா. பெரும்பாலும் ஆண்பாலைக் காட்டும் 'உஸ்' என்று முடியும் மோரஸுக்கு 'ஆ' ஈறு எப்படி வந்தது என்று மகள் கேட்டபோது, மரப்பெயர்கள் பலவற்றை லத்தீன் பெண்பாலாகக் கொள்ளும் என்ற விதியை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டதாகிவிட்டது. சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸ் என்னும் தாவரமும் உண்டு. 'என்சிஸ்' என்னும் ஈறு ஓர் ஊரைச் சேர்ந்தது என்று காட்டுவது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருப்பதால், இத்தகைய பெயர்களைத் தேடிப் போவதற்கும் இடம் இருக்கிறது.

இனி நூல்களுக்கு வருகிறேன். கிளாசிக்கல் அகாடமிக் பிரஸ் வெளியிட்ட 'சாங் ஸ்கூல் லத்தீன்' பாட்டும் விளையாட்டுமாக அமைந்தது. ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு ஏற்றது; எட்டு வயதில் தொடங்குபவர்களுக்கு அவசியமில்லை.

மெமோரியா பிரஸ் வெளியிடும் 'பிரிமா லத்தீனா' 25 பாடங்கள் கொண்டது. ஒவ்வொரு பாடத்திலும் சில சொற்கள், அவற்றிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள், மனனம் செய்ய ஒரு தொடர் என்று ஒழுங்காகச் செல்கிறது. இடையிடையே கத்தோலிக்க வழிபாட்டின் லத்தீன் செபங்களும் வருகின்றன. உச்சரிப்பும் திருச்சபை முறைதான். அதாவது பண்டைய ரோமானியர் 'கிக்கெரோ' என்று ஒலித்திருக்கக்கூடிய பெயரை இது 'சிச்செரோ' என்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு மாறிவிட்டாலும், லத்தீன் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டி உள்ள கத்தோலிக்கக் குடும்பத்துக்கு இந்த நூல் பெரும் மகிழ்ச்சி தரும். மற்றவர்கள் இதை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது ஆங்கில இலக்கணத்தையும் ஆங்கிலச் சொல்வளத்தையும் வளர்ப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்ட நூல். வீட்டில் தமிழ் பேசி, ஆங்கிலத்தை இப்போதுதான் சரளமாகப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தை, இதில் லத்தீனைவிட ஆங்கிலத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டுகிறது.

மகள் மிகவும் விரும்பியது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் 'மினிமுஸ்'. பார்பரா பெல் எழுதி 1999இல் வெளிவந்த இந்த நூல் சித்திரக்கதை வடிவிலானது. மினிமுஸ் என்பது அதில் வரும் எலியின் பெயர். கதை நடக்குமிடம் பிரிட்டனின் வடபகுதியில் இருந்த விந்தோலாந்தா என்னும் ரோமானியப் படைக்கோட்டை. கோட்டைத் தளபதி ஃபிளாவியுஸும் அவர் மனைவி லெப்பிதினாவும் உண்மையில் வாழ்ந்தவர்கள் என்பதே இந்த நூலின் தனிச்சிறப்பு. மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதப்பட்ட கடிதங்கள் அங்கே 1973 முதல் அகழாய்வில் கிடைத்து வருகின்றன. அவற்றுள் ஒன்று, கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தில் கிளாவ்தியா செவெரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்கு லெப்பிதினாவை அழைத்து எழுதியது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. லத்தீன் என்பது அட்டவணையன்று, ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டவர்களின் மொழி என்று குழந்தைக்கு உணர்த்த இதைவிட நல்ல நூலை நான் காணவில்லை. கதையில் அடிமைகளும் வருவதால், அது பற்றிப் பெற்றோர் குழந்தையிடம் பேசியாக வேண்டும். நகைச்சுவையோடு சேர்ந்து அது சாதாரணச் செய்தியாக நழுவிவிடக் கூடாது.

ஆயினும் மினிமுஸை மட்டும் நம்பி லத்தீன் கற்பிக்க, லத்தீன் தெரியாத பெற்றோரால் முடியாது. ஆசிரியருக்கான நூலைத் தனியே வாங்க வேண்டும், பயிற்சிகள் குறைவு, ஒரு பக்கத்தில் வந்த சொல் மறுபடி எப்போது வரும் என்று தெரியாது.

ஆகவே முதன்மைப் பாடநூலாக நான் பரிந்துரைப்பது வில்லியம் லின்னியின் 'கெட்டிங் ஸ்டார்ட்டட் வித் லத்தீன்'. பார்ப்பதற்குக் கவர்ச்சியற்ற நூல். கதை இல்லை, பாட்டு இல்லை. மொத்தம் 134 பாடங்கள். பாடத்துக்கு ஒரு புதிய சொல் அல்லது ஒரே ஒரு விதி, அதன்பின் மொழிபெயர்க்கச் சில வாக்கியங்கள், நூலின் பின்பகுதியில் விடைகள். வீட்டுவழிக் கல்வியையும் சுயமாகக் கற்போரையும் கருதியே எழுதப்பட்டதால், கற்பிப்பவருக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டே பேசுகிறது. ஒலிப்பதிவுகளை ஆசிரியரே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்; பண்டைய உச்சரிப்பு, திருச்சபை உச்சரிப்பு இரண்டும் உண்டு. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இடையில் மாற்றாமலிருந்தால் சரி.

மாலுமிகளும் உழவர்களும் தீவுகளும் மாறி மாறி வரும் வாக்கியங்கள் சலிப்பூட்டக்கூடியவை என்பதை மறுக்க மாட்டேன். நாங்கள் அவற்றை முதலில் தமிழிலும் பிறகே ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கச் செய்தோம். 'நௌத இன்சுலம் அமத்' என்பது 'மாலுமி தீவை நேசிக்கிறான்' என்று வரிசைகூட மாறாமல் வந்துவிடுகிறது. எழுவாயின்றி 'அமத்' மட்டும் வரும் இடத்தில் 'நேசிக்கிறானா, நேசிக்கிறாளா?' என்ற கேள்வி எழும். லத்தீன் விகுதி பாலைக் காட்டாது, தமிழ் காட்டியே தீரும். இரண்டையும் எழுதச் சொல்லிவிடுங்கள். விடைப்பகுதி ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் விடையைத் திருத்தும் பொறுப்பு மட்டும் நம்முடையது.

வாங்குவோர் லின்னியின் நூலை முதலில் வாங்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு முடிந்த பிறகு மினிமுஸின் மாணவர் நூலைச் சேர்த்துக்கொண்டால் போதும். அதற்குள் எலியின் வசனங்களில் பாதியைக் குழந்தை உதவியின்றிப் படித்துவிடும். பிரிமா லத்தீனாவை விரும்புவோர், பதிப்பகம் இணையத்தில் தரும் மாதிரிப் பக்கங்களைக் குழந்தையை வாசிக்கச் சொல்லிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். குறுந்தகடு கேட்கக் கருவி இல்லாத வீடுகள் பெருகிவிட்டதால், ஒலிப்பதிவு எந்த வடிவில் வருகிறது என்பதைப் பணம் செலுத்தும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட சொல்லட்டைகளுக்குத் தனியே செலவிட வேண்டாம். பழைய அழைப்பிதழ்களை வெட்டி, ஒரு பக்கம் லத்தீனும் மறுபக்கம் தமிழுமாகக் குழந்தையே எழுதிக்கொள்ளலாம்.