தோற்கிற ரீமில் யார் தேறுவான்? பேஸ்போல் சவண்ட் தளம், பாவித்துப் பார்த்ததில்

ரொறன்ரோவில் ஒரு மாமாவோ சித்தியோ இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. இங்கே சிலருக்கு ரொறன்ரோ பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் பைத்தியம் தொற்றியதும் அந்த வழியால்தான். எல்லே விளையாடி வளர்ந்தவர்களுக்குப் பேஸ்போல் விதிகள் பெரிய தலையிடி இல்லை. தலையிடி பருவம் முடியப்போகும் செப்டெம்பரில் தொடங்கும். ரீம் கடைசி இடத்தில் கிடக்கும், களத்தில் பெயர் தெரியாத பெடியள் நிற்பார்கள். அவர்களில் யாரை நம்பலாம் என்று பார்க்க, இலவசமாகக் கிடைப்பதில் பேஸ்போல் சவண்டை மிஞ்ச ஒன்றில்லை. வட அமெரிக்காவின் பெரிய லீக்கான எம்.எல்.பி. நடத்தும் தளம், கணக்குத் திறக்கவும் தேவையில்லை. பந்தையும் வீரரையும் கருவிகளால் அளக்கும் ஸ்டட்காஸ்ட் முறையின் அளவீடுகள் 2015 முதல் இருக்கின்றன. 2020 முதல் அளப்பது ஹோக்-ஐ கமராக்கள். கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. பார்க்கிற அதே ஆட்கள்தான்.

வீரரின் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது சிவப்பு, நீல வட்டங்கள். சிவப்பு என்றால் லீக்கில் மேல்வரிசை, கடும் நீலம் என்றால் அடிமட்டம். அதோடு நிற்காமல் 'ஸ்டட்காஸ்ட் சேர்ச்' பக்கத்துக்குப் போங்கள். பருவம், அணி, 'பட்டர்' (மட்டை பிடிப்பவர்) ஆகியவற்றைத் தெரிவுசெய்துவிட்டு, 'கேம் டேட்' கட்டத்தில் செப்டெம்பர் 1இலிருந்து போடுங்கள். 2021 முதல் அன்றைக்குத்தான் அணி 26 பேரிலிருந்து 28 ஆகிறது. திகதி அமெரிக்கத் திகதி. ரொறன்ரோவில் இரவு 7:07க்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு மறுநாள் விடிய 4:37. காலையில் தேடுகிறவர் முதல்நாள் திகதியைப் போடாவிட்டால் வெறும் பக்கம்தான் வரும்.

அடி சராசரியை, அதாவது மட்டை பிடித்த தடவைகளில் எத்தனை பங்கு ஹிட் என்பதை, விட்டுவிடுங்கள். அது ஓரளவு நிலைக்கவே 900 தடவைக்குக் கிட்ட மட்டை பிடிக்க வேண்டும். செப்டெம்பர் பெடியனுக்கு 80 கிடைத்தாலே பெரிது. ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) வீதம் 60 தடவையளவில் ஆளைக் காட்டத் தொடங்கிவிடும். ஸ்ட்ரைக் வலயத்துக்கு வெளியே போகும் பந்துக்கு எத்தனை வீதம் மட்டை வீசுகிறான் என்பதையும் பாருங்கள், லீக் சராசரி சுமார் 28. பிறகு மட்டை வேகம்: சராசரி மணிக்கு 72 மைல், 75க்கு மேல் என்றால் வேகமான வீச்சு. பந்து மட்டையை விட்டு 95 மைலுக்கு மேல் போனால் 'ஹார்ட் ஹிட்'. எல்லாம் மைலிலும் அடியிலும்தான். கிலோமீற்றருக்கு மாற்ற வசதி வைத்திருந்தால் என்ன குறைந்துபோகும்?

2024 புளூ ஜேஸ் நல்ல பாடம். 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி. யூலையில் மூத்தவர்களை விற்றதால் இளசுகளுக்கு இடம் கிடைத்தது. அவர்களில் ஒருவரான அடிசன் பார்ஜரின் அடி சராசரி அந்த வருசம் .197, மிகக் குறைவு. பத்திரிகை அட்டவணையை மட்டும் பார்த்தவர்கள் கை கழுவியிருப்பார்கள். சவண்டில் மட்டை வேகமும் எறிபலமும் வேறு கதை சொல்லின. 2025இல் 21 ஹோம் ரன்; லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், மாற்று மட்டைக்காரராக வந்து கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கையில் ஹோம் ரன்) அடித்தார். உலகத் தொடர் வரலாற்றில் அப்படி அடித்த முதல் ஆள் அவர்தான்.

அதே அணியின் பந்துவீச்சாளர் போடன் பிரான்சிஸ் கதை நேர்மாறு. 2024 ஓகஸ்டில் ஒருமுறை, செப்டெம்பரில் ஒருமுறை, கடைசி இனிங்ஸான ஒன்பதாவது வரை ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. ஊரெல்லாம் கொண்டாடியது. ஆனால் வேகப்பந்து 92 மைல் சுற்றுவட்டம், லீக் சராசரி 94. வயதும் 28, பெடியன் என்று சொல்ல ஏலாது. 2025இல் தோள் நோவோடு 14 ஆட்டம், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இனிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டம்; குறைந்தால் நல்லது) 6.05. பந்துவீச்சாளரின் செப்டெம்பரை இந்தத் தளத்தை வைத்து நம்புவதானால் பாதி விலைக்கே நம்ப வேண்டும். தோளிலும் முழங்கையிலும் உள்ள நோவை எந்தக் கமராவும் அளப்பதில்லை.

இன்னொரு குறை, எதிரே நின்றது யார் என்று தளம் தானாகச் சொல்லாது. பிளேஓஃபுக்கு (பருவ முடிவில் வரும் நொக்அவுட் சுற்று) தெரிவான அணி நல்ல வீச்சாளரை ஓய்வில் வைக்கும். தோற்கிற அணியோ தன் பெடியனையும் பரீட்சித்துப் பார்க்கும். பெயரை அழுத்தினால் ஒவ்வொரு பந்தும் விரியும். அங்கே வீச்சாளர் பெயரைப் பார்த்து, புதுமுகங்களுக்கு அடித்ததைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் பாதி நட்சத்திரங்கள் அதிலேயே உதிர்ந்துவிடும்.

ஃபோனில் அட்டவணையின் வலப்பக்கம் வெட்டுப்படும்; பிரவுசரில் 'டெஸ்க்டொப் சைட்' போட்டால் சரி. பந்துக்குப் பந்து வீடியோ இருப்பது பெரிய வசதி, ஆனால் டேட்டாவை மளமளவென்று தின்னும். வைஃபை உள்ள இடத்தில் பாருங்கள். முழு அணிக்கும் முழுப் பருவத்துக்கும் சேர்த்துத் தேடினால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். மாதம் மாதமாக எடுத்து, சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி எக்செலில் ஒட்டுவது சுகம்.

2023 முதல், எம்.எல்.பி.க்கு ஒரு படி கீழே உள்ள ட்ரிப்பிள்-ஏ லீக்கின் ஆட்டங்களும் உண்டு. செப்டெம்பருக்கு முன் அந்தப் பெடியன் கீழே என்ன செய்தான் என்று பார்க்க அதுதான் வழி. அங்கே கிடைத்த 'வோக்' (வலயத்துக்கு வெளியே நாலு பந்து வந்தால் கிடைக்கும் இலவச பேஸ்) எண்ணிக்கையை மட்டும் அப்படியே மேலே கொண்டுவராதீர்கள். தானியங்கி ஸ்ட்ரைக் தீர்ப்பை அந்த லீக்கிலும் பரீட்சித்துப் பார்த்தார்கள், அப்போது வலயம் வேறு.