வளாகப் பராமரிப்புக்கு க்யூஜிஐஎஸ்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

மன்னாரில் ஒரு கல்வி நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவைப் பொறுப்பெடுத்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "வளாகம் முழுக்க க்யூஜிஐஎஸ்ஸில் போட்டு வைச்சிருக்கிறீங்களே, பிரயோசனமா அண்ணை?" உடனே ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று காலை முழுவதும் கிழக்கு எல்லை வேலியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து இருந்தேன்.

க்யூஜிஐஎஸ் என்பது இடங்களையும் அவற்றின் விபரங்களையும் வரைபடத்தில் பதிந்து வைக்கும் மென்பொருள். அது இலவசம், பழைய லப்டொப்பிலும் ஒருமாதிரி ஓடும் என்பதெல்லாம் தெரிந்த கதை. எங்கள் பல்கலைக்கழக வளாகம் வன்னிக் காட்டை ஒட்டியது. கட்டடம் குறைவு, கட்டடங்களுக்கு இடையிலுள்ள தூரம் அதிகம். குழாய்க்கிணறு, தண்ணீர்த் தாங்கி, நிலத்தடிக் குழாய், லைட் போஸ்ட் எல்லாம் மூலைக்கொன்றாகக் கிடக்கும். எக்செல்லில் வைத்திருந்த காலத்தில் "பழைய விடுதிக்குப் பின்பக்க வால்வு" என்று ஒரு வரி இருக்கும். எந்தப் பழைய விடுதி, எவ்வளவு பின்பக்கம் என்று கேட்க, பென்சனில் போன பம்ப் ஒபரேற்றருக்குப் போன் எடுப்போம்.

அந்த வால்வு விஷயத்தில் இந்த மென்பொருளைக் கையெடுத்துக் கும்பிடலாம். மாரியில் விடுதிப் பக்கக் குழாய் வெடித்தது. வால்வு மூடியின் மேல் கிறவல் அடித்து மூடிவிட்டது. போனில் க்யூஃபீல்டை (க்யூஜிஐஎஸ் படத்தைப் போனில் பார்க்கும் செயலி) திறந்தால் நாங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி பாலை மரங்களுக்குக் கீழே அங்கும் இங்கும் ஆடுகிறது. போன் ஜிபிஎஸ்ஸை நம்பிக் கிண்டினால் பொழுது பட்டுவிடும். ஆனால் வால்வைத் தட்டியதும் அதன் பழைய படமும், கூடவே நாங்கள் எழுதி வைத்த இரண்டு அளவும் வந்தன: சுவர் மூலையில் இருந்து 4.2 மீற்றர், லைட் போஸ்ட்டில் இருந்து 6.8. இரண்டு நாடாவை இழுத்துச் சந்திக்க வைத்த இடத்தில் அலவாங்கைக் குத்தினோம், மூடியில் பட்டது. முன்பென்றால் பிரதான வால்வைப் பூட்டுவோம். வளாகம் முழுக்கத் தண்ணீர் இராது.

சரி, இப்போது எல்லைக்கு வருகிறேன்.

இலங்கையில் நில அளவைக்கு இரண்டு ஆள்கூற்று முறைகள், அதாவது ஒரு இடத்தை எண்ணால் குறிக்கும் கட்டங்கள், புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கந்தவளையை அடிப்படையாகக் கொண்ட பழைய கட்டம் (நீர்கொழும்புப் பக்கத்துக் கந்தவளை, எங்கள் கிளிநொச்சிக் கண்டாவளை இல்லை). மற்றது 1999ஆம் ஆண்டுக் கட்டம். இரண்டுக்கும் தொடக்கப்புள்ளி பீதுருதாலகாலை மலைதான். பழையது அந்தப் புள்ளிக்குக் கிழக்கும் வடக்கும் 200,000 மீற்றர் என்று எண் கொடுக்கும், புதியது 500,000 கொடுக்கும். கட்டட ஒப்பந்தக்காரர் கணினியில் வரைந்து தரும் கேட் (CAD) வரைபடத்தில் எது பாவித்தது என்று ஒரு சொல் இருக்காது. பழைய எண்ணைப் புதிய கட்டம் என்று சொல்லித் திறந்தால் வளாகம் கன்னியாகுமரிக்குத் தெற்கே, நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அப்பால் நடுக்கடலில் போய் நிற்கும். அது பரவாயில்லை, யார் பார்த்தாலும் பிழை என்று தெரியும்.

வயிற்றெரிச்சல் தருவது சின்னப் பிழை. பழைய கட்டத்தைச் செய்மதிப் படத்தோடு பொருத்தும்போது, ஆள்கூறுகளை மாற்ற எந்தக் கணிப்பு முறை வேண்டும் என்று க்யூஜிஐஎஸ் ஒரு பட்டியலை நீட்டும். ஒவ்வொன்றுக்கும் துல்லியம் வேறு. அவசரத்தில் முதலாவதற்கு ஓகே கொடுத்தால் எல்லைக் கோடு சில மீற்றர் தள்ளி விழும், படமோ பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஒரு நிறுவனம் அனுப்பிய கோப்பில் நடந்தது இதுதான். வேலிக்குத் தூண் நடப் போன மேற்பார்வையாளர் போனில் சொன்னார்: "அண்ணை, உங்கட படத்தின்ர படி வேலி காட்டுக்குள்ள நிக்குது." இடம்பெயர்வில் எல்லைக் கற்கள் பல போய்விட்டன. ஒருபக்கம் காடு, மறுபக்கம் இன்னொருவரின் வயல். இங்கே சில மீற்றர் என்பது சண்டை பிடிக்கக்கூடிய அளவு.

நியாயமாகப் பார்த்தால் இது மென்பொருளின் குற்றம் இல்லை. அது கேட்கத்தான் செய்தது. செய்மதிப் படத்திலும் அளவைப் படத்திலும் தெளிவாகத் தெரியும் தண்ணீர்த் தாங்கி மூலை, பழைய மதகு போன்ற புள்ளிகளில் ஒவ்வொரு முறையையும் சோதித்து, பொருந்துவதைத் திட்டக் கோப்பிலேயே நிரந்தரமாக்கி வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அப்புறம் வெளியிலிருந்து ஒரு புதிய கோப்பு வரும், மறுபடி முதலிலிருந்து.

அந்தக் கோப்பும் எப்போதும் ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவில்தான் வரும். அதில் நிரல் பெயருக்கு இடம் பத்து பைட், தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். "கட்டட எண்", "கட்டடப் பெயர்" இரண்டும் "கட்" என்று கழுத்தறுந்து நிற்கும். ஜியோபெக்கேஜ் என்ற புதிய வடிவில் தாருங்கள் என்றால் அது என்ன என்று கேட்கிறார்கள். மாடிக் கட்டடத்தில் மேல்தள அறையைத் தட்டினால் கீழ்த்தளமும் சேர்ந்து வருவது இன்னொரு தொல்லை. தளத்துக்கொரு லேயர் (தனி அடுக்கு) என்று பிரித்த பிறகு அது அடங்கிவிட்டது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இது. குழாய், மின்கம்பம், ஏசி சேர்விஸ் திகதி, தீயணைப்புக் கருவியின் காலாவதி இவற்றுக்கெல்லாம் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. காலையில் அலுவலகத்தில் முதல் திறப்பதும் இதைத்தான். ஆனால் இந்த மாதம் நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஐந்தில் இரண்டுதான் கொடுப்பேன். கிழக்கு எல்லைக்கு என் படத்தில் இப்போது சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று இரண்டு கோடு ஓடுகின்றன. நில அளவையாளர் வந்து கல் நடும்வரை ஒன்றையும் அழிக்க எனக்குத் தைரியம் இல்லை.