டூல் டிராலி வாங்கப் போகிறீர்களா? தடிமன் அளக்கும் வெர்னியரையும் எடுத்துப் போங்கள்

கோரிமேட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும் வண்டிகள்தான் பாதி வேலை. 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, கருகல் வாடையோடு வந்து நிற்பார்கள்.

சேலம் டவுனில் ஒரு கடையில் ஏழு டிராயர் வைத்த சிவப்பு டூல் டிராலி வாங்கினேன். 34,000 ரூபாய். வீடியோவில் வெளிநாட்டு மெக்கானிக்குகள் பீரோ உயரத்துக்குப் பெட்டி வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. அதில் கடைக்காரர் மேல் தப்பில்லை. ஆனால், "18 கேஜ் தகடுங்ண்ணா, ஒரு டிராயர் 40 கிலோ தாங்கும். சேலத்துக்காரருக்கு இரும்பைப் பத்தி நான் சொல்லணுமா?" என்றார் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். கேஜ் என்பது தகட்டின் தடிமன் எண்; எண் கூடினால் தகடு மெலிசு. கேஜையும் எடையையும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். பில்லில் மட்டும் 'டூல் டிராலி 1' என்று இருந்தது. நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், பிரேக் பேட் மாற்றும்போது பாக்ஸ் ஸ்பேனர் டிராயரை முழுதாக இழுத்தேன். டிராயர் ஓடுகிற பக்கத்துத் தண்டவாளம், அதாவது சானல், வளைந்து, திருகு மாட்டிய இடத்தில் தகடு கிழிந்து, டிராயர் அப்படியே தரையில் விழுந்தது. பையன் கால் நூலிழையில் தப்பியது. 12 நம்பர் பாக்ஸ் இன்னும் கிடைக்கவில்லை.

கடைக்குப் போன் செய்தால், "ஓவர்லோடு பண்ணிட்டீங்க" என்கிறார். சரி என்று டிராயரைச் சாமானோடு பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தேன். 19 கிலோ. அப்புறம்தான் வெர்னியரை எடுத்துத் தகட்டைப் பிடித்தேன். பெயின்டோடு சேர்த்தே 0.8 மில்லிமீட்டர். 18 கேஜ் என்றால் 1.2 இருக்க வேண்டும். இது 22 கேஜ். சானலும் சமையலறை மர டிராயருக்குப் போடுகிற ரகம். இதைக் கடையிலேயே அரை நிமிடத்தில் பார்த்திருக்கலாம். தினம் டிஸ்க் தேய்மானத்தை அளக்கிறவன் பெட்டியை அளக்கவில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல். சாமான் முழுவதையும் தார்ப்பாயில் பரப்பிப் பார்த்தேன். தினமும் கை போவது 8, 10, 12, 13, 14, 17, 19 ஸ்பேனர்கள், அதே அளவு பாக்ஸ்கள், ராட்செட், ப்ளையர், திருப்புளி, மல்டிமீட்டர். இரண்டு டிராயரில் அடங்கிவிடும். சுத்தியல், புல்லருக்குக் கீழே ஆழமாக ஒன்று. டார்க் ரெஞ்ச் படுக்க நீளமாக ஒன்று. ஜாக்கியும் ஸ்டாண்டும் எப்படியும் பெட்டிக்குள் போகாது. ஆக நாலு டிராயர் போதும். மீதி மூன்றில் பழைய பில்லும் கழற்றிய கிளிப்பும்தான் கிடந்தன. இந்தக் காசுக்கு நல்ல தகட்டில் நாலு டிராயர் அடித்து வாங்கியிருக்கலாம். டிராயர் எண்ணிக்கை கூடினால் அதே விலையில் தகடுதான் மெலியும்.

வாங்குகிறவர்கள் பில்லில் கேஜையும் டிராயர் தாங்கும் எடையையும் எழுதி வாங்குங்கள். ஒரு டிராயரைத் திறந்தால் மற்றவை பூட்டிக்கொள்கிற வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்றை ஒன்றாக இழுக்கும்போது டிராலியே கவிழும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் சானலை மட்டும் மாற்றித் தருகிறாராம், வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு வழக்குப் போட முடியாது என்று ஒருவர் பயமுறுத்தினார். சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கியதென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

புகார் முடியும்வரை கடைப் பெயரைக் கேட்காதீர்கள். சந்தேகம் இருப்பவர்கள் பட்டறைக்கு வந்து மற்ற டிராயர்களை இழுத்துப் பாருங்கள். மெதுவாக இழுங்கள்.