தரவையில் தனியே ஓரிரவு: கூடாரமா, ஏணையா, தறப்பாளா?

இலங்கையின் வடக்கே, வன்னித் தரவைகளில் (திறந்த புல்வெளிகளில்) தனியாக நடந்து வெளியே படுப்பவருக்கு மழை இரண்டாம் கவலை. மாரியில் இந்தப் பயணமே வேண்டாம். குளங்கள் நிரம்பி வான் பாயும்போது பாதையே இருக்காது. கோடையில் முதல் கவலை எண்ணெய் விரியன், அதாவது கட்டுவிரியன் பாம்பு. இரவில் ஊர்ந்து வந்து, நிலத்தில் உறங்குபவரைக் கடிக்கும். கடித்த இடம் பெரும்பாலும் நோகாது, வீங்காது. வயிற்று நோவும் இமைச் சரிவும் தெரியவரும்போது பல மணி நேரம் போயிருக்கும். (சந்தேகம் வந்தாலே 1990 அம்புலன்ஸ்; கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.) ஆகவே எந்தப் படுக்கையானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விடியும்வரை மூடியே இருக்குமா?

கூடாரம் மூடும், வாசல் சிப்பை (zip) பூட்டி வைத்தால். ஒருவர் படுக்கும் இரட்டைத் துணிக் கூடாரம் 1.5 முதல் 2 கிலோ வரும். ஆடி மாத வெக்கையில் உள்ளே அவியும். நடுச்சாமத்தில் கை தானாகச் சிப்பைத் திறக்கும். பாம்புக்கு அந்த நாலு விரல் இடைவெளி போதும். உட்கூடு முழுக்க வலையாக உள்ளதை வாங்கி, மேல்துணியை மடித்து வைத்துவிட்டுப் படுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அடுத்தது கூடாரக் கயிற்றைக் கட்டும் முளை. கோடையில் குளத்தடிக் களி வெடித்துக் கல்லாகிவிடும். கூடவே வரும் அலுமினிய முளை வளையும், 6 அங்குல இரும்பு ஆணிதான் இறங்கும். முல்லைத்தீவுக் கரை மணலில் அதுவும் நிற்காது. உரப்பையில் மேல்மணலை அள்ளி நிரப்பிக் கயிற்றின் மேல் கிடத்துங்கள். தோண்டிப் புதைக்க வேண்டாம்: மிதிவெடிகள் இன்னும் முற்றாக அகற்றப்படாத மாவட்டங்கள் இவை. மாடு தினமும் மேய்கிற, உழவு நடக்கிற நிலத்தை விட்டு விலகவே கூடாது. காற்றுமெத்தை கொண்டுபோகிறவர் அடியில் இரண்டு உரப்பையை விரிக்காவிட்டால் நெருஞ்சி முள் முதல் இரவிலேயே கணக்கை முடிக்கும்.

ஏணை, அதாவது வலை தைத்த ஹமொக், நிலத்தையே விட்டுவிடுகிறது. வன்னிக்கு என் தெரிவு இதுதான். மரத்தில் கட்டும் பட்டி, வலை, மேல்துணி எல்லாமாக ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். மரங்களுக்கிடையே 12 முதல் 15 அடி, பட்டி கிடையாக இருந்து 30 பாகை சரிவு, உட்கார்ந்தால் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். இறுக்கிக் கட்டினால் தோளை நெருக்கும், கவிழவும் பார்க்கும்.

மேலே வலை இருந்தும் நுளம்பு கடிக்கிறதே என்று பலர் குழம்புவார்கள். கடிப்பது கீழிருந்து. உடம்போடு ஒட்டி இழுபட்டிருக்கும் ஒற்றை நைலோனை ஊசி எளிதாகத் துளைக்கும். இரட்டைத் துணி ஏணை வாங்குங்கள், அல்லது உள்ளே ஒரு தடித்த போர்வையை விரியுங்கள். முசுறு எறும்பு பட்டி வழியே இறங்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இரு பக்கமும் சுற்றினால் நிற்கும். மழைநீரும் அதே வழியால் வரும். மேல்துணிக்கு உள்ளே, பட்டியில் ஒரு சாண் நூலைத் தொங்கவிட்டால் அதில் வடிந்துவிடும்.

மரம் பார்த்துக் கட்டவும். பனை தாங்கும், ஆனால் தலைக்கு மேல் காவோலையும் பழமும் இருக்கும். பாலை பழுக்கும் காலத்தில் அந்த மரத்தடி கரடிக்கு உரியது.

தறப்பாளும் வீட்டு நுளம்பு வலையும் மலிவு. 10க்கு 10 அடி மெல்லிய நைலோன், இரண்டு ஊன்றுகோல், 3 அடி முகடு, தாழ்ந்த பக்கம் சோளகத்தை (தென்மேல் காற்றை) நோக்கி. காற்றோட்டத்தில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. குறை இருப்பது வலையின் விளிம்பில்தான். பாய்க்கு அடியில் சுற்றிவர ஒரு சாண் செருகினாலும், சோளகம் வீசினால் அல்லது நீங்கள் புரண்டால் உருவிக்கொள்ளும். தூக்கத்தில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

யானைக்கு மூன்றும் ஒன்றுதான். குளக்கட்டிலும் நீருக்கு இறங்கும் தடத்திலும் படுக்காதீர்கள். ஈரமான இலத்தி கிடந்தால் இருட்டுமுன் இடம் மாறுங்கள். உப்பும் அரிசியும் அவற்றை இழுக்கும். சமையலை நடையிலேயே முடித்துவிட்டு இன்னும் ஒரு மைல் போய்ப் படுப்பது நல்லது. ஒதுக்குக் காடுகளுக்கு அனுமதி வேண்டும். மற்ற இடங்களில் காணிக்காரரிடமோ கிராம அலுவலரிடமோ சொல்லிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

தரவையின் நடுவில் மரம் இல்லையே என்றால், அதற்காகக் கூடாரத்தைச் சுமக்கத் தேவையில்லை. வலை முழுதாகத் தைத்த ஏணையை உரப்பைகளின் மேல் நிலத்தில் விரித்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஊன்றுகோல் நிறுத்தி வலையைத் தூக்கிக் கட்டி, மேலே அதே 10 அடித் தறப்பாளை இழுத்துவிடலாம். சப்பாத்தை உள்ளே எடுத்துக்கொண்டு சிப்பைக் கடைசிப் பல்வரை இழுங்கள்.