கனசதுரத்தின் வலை: அச்சிட்ட தாளா, அட்டைச் சதுரமா?

மாலையில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். கன உருவங்களின் வலைகள், அதாவது மடித்தால் கன உருவமாகும் தட்டை வடிவங்கள், என்ற பாடத்துக்கு நான்கு வழிகளைப் பார்த்தேன்: வெட்டி ஒட்டுவதற்கென்று அச்சிட்டு விற்கும் தாள், காலி டப்பாவைப் பிரிப்பது, விளிம்பில் காந்தம் வைத்த விளையாட்டு ஓடுகள், தனித்தனி அட்டைச் சதுரங்களை டேப்பால் இணைப்பது. இப்போது என் வகுப்பில் இருப்பது கடைசி வழி. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

விலையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. காந்த ஓடுதான் செலவு, மற்ற மூன்றும் சில்லறைக் காசு.

அச்சுத் தாளில் வேலை சுத்தமாக முடியும். கோட்டின் மேல் வெட்டி, மடித்து, பசை தடவினால் கனசதுரம் தயார். ஆனால் எந்தச் சதுரம் எங்கே வரவேண்டும் என்பதை அச்சடித்தவரே முடிவு செய்துவிட்டார், பிள்ளைக்கு மிச்சம் கத்தரிக்கோல் வேலைதான். அந்தத் தாளில் இருப்பதும் பெரும்பாலும் சிலுவை வடிவம் ஒன்றே. வேறு வடிவத்தைக் காட்டினால் "இது கனசதுரம் ஆகாது" என்று அடித்துச் சொல்வார்கள்.

நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: தப்பான வலையைப் பிள்ளையால் செய்து பார்க்க முடியுமா? ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்தால், திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றாகிவிடுபவற்றைத் தள்ளிவிட்டு, 35 வடிவங்கள் வரும். கனசதுரமாக மடிவது 11 மட்டும். மீதி 24 அச்சுத் தாளில் இருக்கவே இருக்காது. பாடமோ அவற்றில்தான் இருக்கிறது. ஐந்து சதுரங்களை ஒரே வரிசையில் ஒட்டி மடித்தால் ஐந்தாவது போய் முதலாவதன் மேல் உட்காரும், ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். நான்கை இரண்டுக்கு இரண்டாக ஒட்டினால் மூலையே எழும்பாது. கொஞ்சம் விட்டுப்பிடித்தால் யாராவது சொல்லிவிடுவார்கள்: "முனையில மூணு முகம்தான் சேரும் மிஸ், இங்க நாலு சேருது." உடனே ஒரு சதுரத்தை உரித்து வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கலாம். பசையில் இது நடக்காது.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அருமை. 6 செ.மீ. சதுரம், பிள்ளைக்கு ஆறு. சதுரங்களுக்கு நடுவே நூலிழை இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் செங்கோணத்துக்கு மடியாமல் முட்டும். செல்லோ டேப்பை உரித்தால் அட்டையின் மேல்தோலும் சேர்ந்து வரும். பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் நல்லது. முகங்களில் எண் எழுதிவிட்டால் பகடைக் கணக்கும் இதிலேயே முடியும்: நேர் வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்முகம். என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகும் எட்டாம் வகுப்புக்காரர்களும் இதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

டப்பாவை நான் ஒதுக்கவில்லை, முதல் வகுப்பு அதில்தான். பற்பசை டப்பாவில் ஒட்டுமடல்களை முன்பே வெட்டி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் முகமாக எண்ணுவார்கள். பிறகு டேப் போட்டு மூடிக் கொடுத்து, துண்டாகாமல் விரிக்க எத்தனை விளிம்பை வெட்ட வேண்டும் என்று கேளுங்கள். எந்த வழியில் வெட்டினாலும் 7தான். ஆறு முகங்கள் பிரியாமல் இருக்க ஐந்து மடிப்புகள் போதும், மொத்த விளிம்புகள் 12. இந்த இடத்தில் அட்டைச் சதுரத்தைவிட டப்பாதான் மேல்.

காந்த ஓடுகளை உறவினர் வீட்டில் தொட்டுப் பார்த்த பழக்கம்தான். விளிம்புகள் தாமாகவே ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. பிள்ளை யோசிக்கும் முன்பே உருவம் முடிந்துவிடும் போலிருந்தது. சின்ன வகுப்புகளுக்கு ஒருவேளை அதுவே வசதியாக இருக்கலாம்.

உருளைக்கும் கூம்புக்கும் அட்டைச் சதுரம் உதவாது, தாள்தான். டின்னைச் சுற்றிய லேபிளை உரித்தால் செவ்வகம், அதன் நீளம் வட்டத்தின் சுற்றளவு. அரைவட்டத் தாளைச் சுருட்டினால் வரும் கூம்பின் சாயுயரம் அடி ஆரத்தைப்போல் இரண்டு மடங்கு. அச்சுத் தாளை இங்கே தாராளமாக வாங்கலாம்.

நான்முகிக்குத் திரும்பவும் அட்டை, இம்முறை சமபக்க முக்கோணங்கள் நான்கு. அவற்றைச் சேர்க்க மூன்றே வழிகள், அதில் மடிவது இரண்டு: பெரிய முக்கோணமும் இணைகரமும். மூன்றாவதில் நான்கும் ஒரே முனையைச் சுற்றி நிற்கும்.